ஒன்பது பவுண்டு

செவ்வாய்க்கிழமை காலை தையல் அறைக்குள் நுழைந்த மார்செலின் கண்ணில் முதலில் பட்டது ஒரு ஸ்க்ரூ. ஜன்னலின் அடிப்பலகை நடுவில், தலையை ஊன்றி, கூர்முனை மேலே பார்க்க, யாரோ பொறுமையாக நிறுத்திவைத்தது போல நின்றுகொண்டிருந்தது. சனிக்கிழமைதான் அவள் அதை முடுக்கி அதன் மேலேயே இரண்டு கை பெயின்ட் பூசியிருந்தாள். அந்தப் பெயின்டை உடைக்காமல் ஸ்க்ரூவைக் கழற்ற முடியாது. ஆனால் பலகையில் ஒரு தூசு தும்பு கூட இல்லை.

மார்செலின் குடியிருந்த அந்தப் பழைய வீட்டில் எல்லாமே ஏறியிறங்கும் ஜன்னல்கள். மேலே அசையாத ஒரு கண்ணாடிச் சட்டம், கீழே ஏறியிறங்குகிற ஒன்று. கீழ்ச் சட்டத்தின் இரண்டு ஓரத்திலும் கயிறு கட்டியிருக்கும். கயிறு கப்பியில் ஏறி, ஜன்னல் நிலைக்குள் மறைந்திருக்கும் பொந்துக்குள் இறங்கும். அங்கே அதன் முனையில் ஓர் இரும்புக் குண்டு தொங்கும். குண்டு என்றால் உருண்டை இல்லை, முழ நீளத்தில் கைப்பிடிக்கு அடங்குகிற ஒரு வார்ப்பிரும்புத் தண்டு. சட்டம் ஏறினால் குண்டு இறங்கும். எடை சரியாக இருந்தால் ஒரே விரலால் ஜன்னலைத் தூக்கலாம், விட்ட இடத்தில் நிற்கும். பொந்துக்கு ஒரு சின்ன மூடிப்பலகை, அதற்கு ஒரே ஒரு ஸ்க்ரூ. அப்படி ஒரு மூடி இருப்பதே வீட்டில் குடியிருக்கிறவர்களுக்குத் தெரியாது. திறப்பது மார்செலின் மாதிரி பழைய ஜன்னல் வேலை பார்க்கிறவர்கள் மட்டும்தான்.

மூடிப்பலகை சுவரோரம் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. பொந்து திறந்து கிடந்தது. எலிப்புழுக்கையும் காய்ந்த சுண்ணாம்பும் கலந்த வாசனை அதிலிருந்து வந்தது, கூடவே நிலவறையின் ஈரக் குளிர். இந்தப் பழைய மரவீடுகளின் சுவர்கள் உள்ளே வெறும் கூடு. நிலவறையில் ஒரு மூச்சு விட்டால் பரண்வரை ஏறும். குண்டைக் காணவில்லை. கயிற்றைப் பிடித்துப் பார்த்தாள். அறுக்கவில்லை. அவள் போட்ட முடிச்சை, இறுகிவிட்டால் அவளாலேயே அவிழ்க்க முடியாத முடிச்சை, யாரோ விரலால் அவிழ்த்திருந்தார்கள்.

கீழே சமையலறையில் தங்கை ரோலாந் மேசை முன்னால் கத்தியோடு நின்றாள். நேற்று வாங்கிய ரொட்டி மேசையில் இருந்தது. ரொட்டி என்று சொல்லத்தான் சொல்கிறோம், அது காகிதம் போலத் தட்டையாக அடிக்கப்பட்டு, அடியில் இருந்த வெட்டுப்பலகை இரண்டாகப் பிளந்து கிடந்தது. பக்கத்தில் குண்டு, மேசை விளிம்புக்கு நேர்கோட்டில் வைக்கப்பட்டிருந்தது.

"ரெண்டு துண்டு வெட்டலாம்னு வந்தேன்" என்றாள் ரோலாந். "இதை வெட்ட முடியாது, சுருட்டித்தான் வைக்கணும்."

"கதவு?"

"பூட்டினது பூட்டினபடி இருக்கு. ஃபெர்னானுக்குப் பூட்டு ஒரு தடையா? சாவியைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டே கதவைத் தோளால இடிச்சுத் திறக்கிற ஆளு."

"ஏன்டி, மாடி ஏறி, ஜன்னலைக் கழட்டி, இரும்பை எடுத்துட்டு வந்து ரொட்டியை அடிப்பானா ஒருத்தன்?"

"என்னை அடிச்சதுக்கே என்னைக்கும் காரணம் இருந்ததில்ல. நீ ரொட்டிக்குக் காரணம் கேக்குற."

ஃபெர்னான் அவளுடைய புருஷன். ஆகஸ்டில் அவன் அவள் தோளெலும்பை உடைத்த மறுநாள், ஒரு பையும் ஒரு பூனையுமாக ரோலாந் இங்கே வந்து சேர்ந்தாள். அன்று வாசலிலேயே மார்செலின் ஒரு வார்த்தை கொடுத்தாள். இந்த வீட்டுக்குள்ள உன் மேல ஒருத்தன் கை படாது. மார்செலினுக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை, உலகத்தில் சொந்தம் என்று இருப்பது இந்த ஒருத்திதான். அந்த வார்த்தையை அவள் ஜெபம் மாதிரி தினமும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ரோலாந் அறைக் கதவுக்கு உள்பக்கம் கனமான தாழ்ப்பாள் போட்டது, மூன்று அங்குல ஸ்க்ரூ முடுக்கியது, எல்லாம் அவள்தான்.

குண்டை எடுத்துப்போய்த் திரும்பக் கட்டினாள். ஸ்க்ரூவை முடுக்கினாள். 

புதன்கிழமை காலையில் ஸ்க்ரூ மறுபடி நின்றது. அதே ஜன்னல், ஆனால் எதிர்ப்பக்கப் பொந்து. நேற்றுக் கட்டிய குண்டை யாரும் தொடவில்லை. இந்தத் தடவை அடி வாங்கியது வாசல் படியில் இருந்த பூசணிக்காய். அக்டோபர் கடைசியில் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் குழந்தைகளுக்காக அதற்குக் கண்ணும் வாயும் வெட்டி வைத்திருந்தாள் ரோலாந், பண்டிகை முடிந்தும் எடுக்க மனம் வராமல் விட்டிருந்தாள். இப்போது அது படியெல்லாம் கூழாக வழிந்து கிடந்தது. ஒரே இடத்தில், மேலிருந்து கீழாக, நிதானமாகப் பல அடி. கோபத்தில் அடித்தவன் இப்படி அடிக்க மாட்டான் என்று மார்செலினுக்குத் தோன்றியது. கோபத்தில் அடித்தால் சிதறும். இது ஏதோ சரிபார்க்க அடித்தது போல இருந்தது.

"பூசணிக்காய் என்ன பாவம் பண்ணுச்சு" என்று சொல்லிக்கொண்டே ரோலாந் மண்வாரியால் அள்ளினாள். அவள் சிரிக்கத்தான் பார்த்தாள். ஆனால் இடது கை அடிக்கடி தோளெலும்புக்குப் போய்ப் போய் வந்தது.

அன்று மாலை நான்கு மணிக்கே இருட்டிவிட்டது. ஆற்றங்கரைப் பக்கமிருந்து ஆலையின் சங்கு கேட்டது. பட்டாணி சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டே ரோலாந் சொன்னாள்: "ஊர்ல என்னைப் பாக்குறவங்க எல்லாம் ஒரே கேள்விதான் கேக்குறாங்க. இந்தக் க்ரோத்தோ வீட்ல தூக்கம் வருதான்னு. ஃபெர்னான் வீட்ல வந்ததை விட நல்லாவே வருதுன்னு சொல்லிட்டேன்."

"வேலையத்த ஜனங்க."

"ஆத்தை ரெண்டு தடவை வலை போட்டு அலசினாங்களாமே, நெசமா?"

"கிணத்தையும் இறைச்சாங்களாம். சூப்பைக் குடி, ஆறுது."

ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த கதை அது. செருப்புத் தொழிற்சாலையில் மேஸ்திரியாக இருந்த அடெலார் க்ரோத்தோ ஐம்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் தன் மனைவி டெல்ஃபினை இந்த வீட்டு மாடியில் அடித்தே கொன்றான். நாற்பதுக்கு மேல் அடி. ஏதோ இரும்பு என்று டாக்டர் சொன்னார். ஆற்றிலும் கிணற்றிலும் தேடியும் அந்த இரும்பு மட்டும் கிடைக்கவேயில்லை. அது இல்லாமல் வழக்கு நிற்கவில்லை. அவனை விட்டுவிட்டார்கள். அவனும் வெட்கமில்லாமல் இதே வீட்டுக்குத் திரும்பி வந்து, தையல் அறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு, இன்னும் இருபத்தெட்டு வருஷம் இருந்து செத்தான். கோடையில் தினமும் காலையில் அவன் அந்த ஜன்னலை ஒரே விரலால் தூக்கித் திறப்பதை எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஒன்பது மணிக்கு மார்செலின் படுத்தாள். தூக்கம் வரவில்லை. அடுப்பில் விறகு உட்காரும் சத்தம், கூரையில் ஏதோ பறவையின் நகம், எங்கோ தூரத்தில் லாரி கியர் மாற்றுவது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஒதுக்கிக்கொண்டே வந்தாள். ஒரு சத்தத்துக்கு மட்டும் பெயர் கிடைக்கவில்லை. அது சுவருக்குள் இருந்தது. நிலவறையில் தொடங்கி, கூடான சுவர் வழியாக மரத்தில் எதையோ உரசிக்கொண்டு மெதுவாக மேலே ஏறி, ஜன்னல் இருக்கிற இடத்தில் நின்றது. பிறகு இரும்பை நகத்தால் தட்டுவது போல ஒரு சின்ன ஓசை, காது வைத்துக் கேட்கிறவன் தட்டுகிற மாதிரி. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அடுத்த ஜன்னலை நோக்கி உரசல் நகர்ந்தது. எலி, என்றாள் வாய்விட்டு. அவள் குரல் அவளுக்கே பிடிக்கவில்லை. போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டாள்.

விடிந்தபோது ஸ்க்ரூ அவளுடைய சொந்த ஜன்னலில் நின்றது. தலையணையிலிருந்து கை எட்டும் தூரம். அவள் தூங்கிக்கொண்டிருந்தபோது அவள் முகத்துக்கு மேலாகக் குனிந்து யாரோ மூடியைக் கழற்றி, முடிச்சை அவிழ்த்து, இரும்பை வெளியே இழுத்திருக்கிறார்கள். போர்வை மேல் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்திருந்தது.

பூனை மூன்றாவது படியில் கிடந்தது.

பிஸ்தாஷ் என்று அதற்குப் பெயர். சோம்பேறிப் பூனை, யார் மடி கிடைத்தாலும் ஏறி உட்காரும். தோல் எங்கும் கிழியவில்லை. உள்ளே எலும்பு என்று ஒன்று மிச்சமில்லை. மார்செலின் தூக்கியபோது அது ஈரத்துணி மாதிரி இரண்டு கைக்கும் நடுவே தொங்கியது, மூக்கிலிருந்து ஒரு கோடு ரத்தம் அவள் சட்டையில் இறங்கியது. குண்டு அடுத்த படியில், விளிம்புக்கு நேராக, வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்தது போல வைக்கப்பட்டிருந்தது.  மார்செலின் பூனையை மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ரோலாந் அழவில்லை. மேல் படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அவன் இப்படித்தான்" என்றாள். "முதல்ல சாமானை உடைப்பான். அப்புறம் நாய் பூனை. அப்புறம் நான்."

லைலாக் செடிக்கு அடியில் குழி வெட்டிப் பூனையைப் புதைத்துவிட்டு, இரண்டு பேரும் டிரக்கில் ஏறி ஷெரிஃப் அலுவலகத்துக்குப் போனார்கள். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, மறுபடி இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மார்செலின் வண்டியை எடுத்தாள். அலுவலகத்தில் இருந்தவர் நல்ல மனிதர். போனில் நான்கைந்து இடத்தில் விசாரித்தார்.

"அவன் உள்ள இருக்கான்மா. ஞாயித்துக்கிழமை குடிச்சுட்டு வண்டியைப் பள்ளத்துல விட்டிருக்கான். வடக்க, நாலு மணி நேரம் தள்ளி. அன்னைக்கிலிருந்து கம்பிக்குப் பின்னாலதான்."

"நல்லா பாத்தீங்களா?"

"காலையில கஞ்சி பிடிக்கலன்னு தட்டை வீசினானாம். அது உங்க ஆளுதானே?"

"அவனேதான்" என்றாள் ரோலாந்.

திரும்பி வரும் வழியில் பனி கொட்டத் தொடங்கியது.  ஃபெர்னான் இல்லை என்றதும் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாசலில் இறங்கியபோது படியில் இரண்டு அங்குலப் பனி, ஒரு காலடி கூட இல்லாமல், விரித்த படுக்கை விரிப்பு மாதிரி கிடந்தது. கதவின் பூட்டு அப்படியே இருந்தது. மார்செலின் நேராக மாடிக்குப் போனாள்.

அவள் கட்டிலின் தலைமாட்டுப் பலகை உள்ளே குழிந்து உடைந்திருந்தது. அறை முழுக்க வாத்து இறகு. தலையணை நடுவே, தினமும் அவள் தலை பதிகிற பள்ளத்தில், மெத்தையைத் துளைத்துக்கொண்டு அடிப்பலகை வரை ஓர் ஓட்டை. கடைசி இறகுகள் இன்னும் காற்றில் இறங்கிக்கொண்டிருந்தன. வலதுபக்கப் பொந்தின் குண்டு கால்மாட்டில் நேராக வைக்கப்பட்டிருந்தது.

பின்னாலேயே வந்த ரோலாந் வாசற்படியில் நின்றுவிட்டாள்.

"கிளம்பு" என்றாள் மார்செலின். "இப்பவே. பையைக் கூட எடுக்க வேண்டாம்."

"நான் வரல."

"ஏய், கண்ணு தெரியலையா உனக்கு?"

"தெரியுது. ஒரு வீட்ல இருந்து ஓடி வந்தாச்சு, அக்கா. இனிமே ஓட என் கால்ல தெம்பு இல்ல. இங்கயும் இருக்க முடியாதுன்னா அப்புறம் எங்கதான் இருக்கச் சொல்ற?" அவள் குரல் உயரவில்லை. "தலை வலிக்குது. கொஞ்சம் படுக்குறேன்."

நடையின் கடைசியில் அவள் அறைக் கதவு சாத்தப்பட்டது. தாழ்ப்பாள் விழுந்தது. நல்ல கனமான தாழ்ப்பாள். போகட்டும், அரை மணி நேரம் படுக்கட்டும், பிறகு தூக்கிக்கொண்டாவது போய்விடலாம் என்று நினைத்துக்கொண்டு மார்செலின் இறகுகளுக்கு நடுவே நின்றாள்.

அடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறது. எடுக்கிறது, அடித்துப் பார்க்கிறது, இது இல்லை என்று வைக்கிறது. வைத்ததை மறுபடி தொடுவதில்லை. தையல் அறையில் இரண்டு. இந்த அறையில் இரண்டு. எதையோ தேடுகிறது.

அப்போதுதான் அவளுக்கு அந்தத் துணி ஞாபகம் வந்தது. வந்தவுடன் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

செப்டம்பரில் மாடியின் மூன்று ஜன்னல்களையும் ஒரே நாளில் பிரித்தாள். எந்த ஜன்னலில் எடுத்த குண்டு அந்த ஜன்னலுக்கே திரும்பப் போக வேண்டும், ஒவ்வொன்றிலும் சீட்டு கட்ட வேண்டும், இது இருபது வருஷமாக அவள் மீறாத சட்டம். அன்று மீறினாள். தராசில் போட்டால் ஆறும் தலா ஒன்பது பவுண்டு. ஒன்பது ஒன்பதுதானே என்று ஆறையும் ஒரே தொட்டியில் கொட்டினாள். தையல் அறையில் எடுத்த ஒன்று மட்டும் கம்பளித் துணியில் சுற்றியிருந்தது. நிலையில் இடித்துச் சத்தம் போடாமலிருக்கச் சிலர் அப்படிச் சுற்றுவது உண்டு. துணி இரும்போடு ஒட்டிப் பிடித்திருந்தது, உரித்தபோது பழுப்பாக ஏதோ பொருக்கு, அதில் முடி. அவள் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை. இந்த ஊர்ப் பழைய வீடுகளில் சுவர்ப்பூச்சுச் சுண்ணாம்பில் மாட்டு முடி கலந்திருப்பார்கள், அது உதிர்ந்து பொந்துக்குள் விழும், பொந்துக்குள் முடி இல்லாத வீட்டை அவள் பார்த்ததே இல்லை. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தாள். முடி சுலபத்தில் போகவில்லை. நீளமான முடி. அடையாளம் தெரியாமல் பளபளவென்று தேய்த்து, ஆறுக்கும் கறுப்பு பெயின்ட் அடித்து, போன சனிக்கிழமை கைக்கு வந்ததைக் கைக்கு வந்த ஜன்னலில் கட்டினாள்.

டெல்ஃபினைக் கொன்ற அந்த இரும்பு தையல் அறையிலேயே இருந்திருந்தால் எதுவும் தேடிக் கிளம்பியிருக்காது. ஆறும் ஒரே மாதிரி ஆகிவிட்டதால் எது என்று இப்போது யாருக்கும் தெரியாது. சுவருக்குள் உரசுகிற அதற்கும் தெரியவில்லை. அதனால்தான் அடித்துப் பார்க்கிறது.

மிச்சம் இரண்டு. இரண்டும் ரோலாந் அறையில். அவள் தலைமாட்டில்.

அதை அங்கே கொண்டுபோய்த் தொங்கவிட்டது மார்செலினின் கைதான்.

ஓடினாள். நடையில் இருட்டு. விளக்கைப் போடவில்லை.

சுவருக்குள் உரசல் இல்லை. நேற்று ராத்திரி கேட்ட உரசல். சுத்தமாக நின்றிருந்தது.

"ரோலாந், கதவைத் திற."

 உள்ளே ஓர் இரும்பு தரையில் உருண்டு போய்ச் சுவரில் முட்டுவது கேட்டது. ஒன்று வேண்டாம் என்று ஆகிவிட்டது.

"ரோலாந்."

டொம்.

மரத்தில் இரும்பு.

டொம்.

மரம்தான். ஆனால் நடுவே ஏதோ இருந்தது.

"இரு அக்கா" என்றது ரோலாந்தின் குரல். அமைதியான குரல், மாவு பிசையும்போது யாராவது கூப்பிட்டால் சொல்கிற மாதிரி. "இன்னும் ஒன்னுதான்."

"என்ன ஒன்னு? என்னடி பண்ற?"

டொம்.

இந்தத் தடவை மரச் சத்தமே இல்லை. ஈரச் சத்தம். மார்செலின் தோளால் கதவை இடித்தாள். மூன்று அங்குல ஸ்க்ரூ. அவளே முடுக்கியது. மறுபடி இடித்தாள். தோளில் ஏதோ விட்டுப்போனது. கதவு அசையவில்லை. நகத்தால் பிறாண்டினாள். அம்மா, அம்மா என்று தன் வாய் சொல்வது அவளுக்குக் கேட்டது.

தாழ்ப்பாள் நகர்ந்தது. மெதுவாக, வழுக்கி வழுக்கி, பிடிக்கச் சிரமப்படும் கையால்.

ஜன்னல் முழுசாகத் திறந்திருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தாள், தொழில் பழக்கம். இரண்டு பக்கமும் குண்டு இல்லை. கயிறுகள் வெறுமனே தொங்கின. பதினெட்டு பவுண்டுச் சட்டம் எதன் பிடியும் இல்லாமல் மேலேயே நின்றது. நிற்கக் கூடாது. நின்றது. பனி உள்ளே வந்து கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது.

ரோலாந் வலது கையில் குண்டு. இரண்டே விரலில் பிடித்திருந்தாள், பேனா பிடிப்பது போல.

இடது கையில் விரல்கள் இல்லை. இருந்தன. விரல் என்று சொல்ல முடியாமல் இருந்தன. மணிக்கட்டுக்குக் கீழே எல்லாம் ஒன்றாக, தட்டையாக, அகலமாக, வெள்ளை எலும்புத் துணுக்குகளோடு. முழங்கை வரை சிவப்பு வழிந்து தரையில் சொட்டியது. தாழ்ப்பாளைத் திறந்தது அந்தக் கைதான்.

"முதல்ல எடுத்தது கனம் அக்கா. தூக்கவே முடியல" என்றாள். முகம் தெளிந்திருந்தது. ஆகஸ்டிலிருந்து மார்செலின் பார்க்காத முகம், சின்ன வயது முகம். "இதைப் பாரு. கனமே இல்ல."

"கையைக் காட்டுடி. ஐயோ, கையைக் காட்டு."

"வலிக்கல." அவள் ஆச்சரியத்தோடு அந்தக் கையைப் பார்த்தாள். "அடி விழுந்தும் வலிக்காதது இதுதான் முதல் தடவை."

மாடிப்படி பின்னாலேயே இருந்தது. டிரக் சாவி பாக்கெட்டில். பதினைந்து படி, ஒரு கதவு, அவ்வளவுதான். மார்செலினின் கால்கள் அந்தப் பக்கம் திரும்பியும் விட்டன. ஓடினால் இவள் இந்தக் கையோடு, இந்த இரும்போடு, இந்த அறையில் தனியாக இருப்பாள். இந்த வீட்டுக்குள்ள உன் மேல ஒருத்தன் கை படாது என்று சொன்னது யார்?  அவள் உள்ளே போனாள். குண்டைப் பிடித்து இழுத்தாள். விரல்கள் விடவில்லை. ரோலாந்தின் விரலுக்கு அவ்வளவு பலமில்லை. அவை சின்ன விரல்கள், ஜாடி மூடி திறக்கவே அக்காவைக் கூப்பிடுகிற விரல்கள்.

"என் கண்ணுல்ல. கீழே போடு."

"போடுறேன். முதல்ல நீ உக்காரு. நின்னுக்கிட்டே இருக்க."

கதவு பின்னால் சாத்திக்கொண்டது. யாரும் சாத்தவில்லை.

"பயப்படாத" என்றாள் ரோலாந். அவள் வாயிலிருந்து புகையாக மூச்சு வரவில்லை, அந்தக் குளிரிலும் வரவில்லை. "உன் மேல யாரோட கையும் படாது. இதுதான் படும்."

ரோலாந் ஜன்னலடியில் முழங்காலிட்டாள். அடிப்பலகையில் பனியும் ரத்தமும் குழம்பிக் கிடந்தன. அவள் அந்தக் கையை, தட்டையாகிப்போன அந்தக் கையை, துணி மாதிரி பலகை மேல் வைத்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை அழுத்தித் துடைத்து, அக்கா தலை வைத்துக்கொள்ள ஒரு தலை அளவுக்குச் சுத்தமாக இடம் பண்ணினாள்.